ஆறு தொட்டித் தண்ணீர்

பங்குனி பிறந்து ஒன்பதாம் நாள், வெயில் கப்பல் தளத்தின் இரும்பைத் தோசைக்கல்லாகப் பழுக்க வைத்துக்கொண்டிருந்த காலை பத்தரை மணிக்கு, ஊத்துமுனைத் துறைமுகத்தில் கட்டியிருந்த கப்பலின் முதல் தொட்டிக்குள், நுனியில் பித்தளைக் குண்டு கோத்த அளவு நாடாவை இறக்கி, குண்டு அடி தொட்டதை விரலில் உணர்ந்து, நிதானமாகச் சுற்றி மேலே இழுத்த சர்வேயர் தனிஸ்லாஸ், நாடாவில் ஒரு முழத்துக்குத் தான் தடவி அனுப்பிய மஞ்சள் பசை முழுவதும் குங்குமமாகச் சிவந்து வருவதைப் பார்த்தார். அந்தப் பசை தண்ணீர் பட்டால் மட்டுமே சிவக்கும். எண்ணெய்க்கும் ரசாயனத்துக்கும் அது அசைந்து கொடுக்காது. தொட்டியின் அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர் தங்கியிருந்தால் இரண்டு விரற்கடை சிவக்கும், அதை எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தனிஸ்லாஸ் நாடாவைத் துடைத்து, இரண்டு ஆள் உயரத்துக்குப் பசை தடவி மறுபடி இறக்கினார். இரண்டு ஆள் உயரமும் சிவந்து வந்தது. டப்பாவில் இருந்த பசை எல்லாவற்றையும் வழித்துத் தடவி இறக்கினார். தொட்டியின் அடி முதல் கழுத்து வரை தண்ணீர்.

அதில் இருக்க வேண்டியது ஸ்டைரின். பிளாஸ்டிக் செய்கிற கம்பெனிகளுக்குப் போகிற சரக்கு. மூடியைத் திறந்தால் தித்திப்பும் காரமும் கலந்த ஒரு நெடி மூக்கில் ஏறி மூளையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்கு மூடியைத் திறந்தபோது நெடி இல்லை. மழை பெய்த மறுநாள் வீட்டுப் பின்கட்டில் வருகிற குளிர்ச்சிதான் வந்தது. தனிஸ்லாஸ் ஆறு தொட்டியிலும் சாம்பிள் எடுத்தார். ஆறு பாட்டிலும் கண்ணாடியாக நின்றன. அடர்த்திமானியைப் போட்டுப் பார்த்தார், அது தண்ணீருக்குரிய கோட்டில் வந்து ஆடாமல் நின்றது. சாம்பிளை நாக்கில் வைக்கக் கூடாது என்று இருபத்தாறு வருஷமாகப் புது ஆட்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவர், தாகமாக இருந்ததால் ஒரு பாட்டிலைத் தூக்கிக் குடித்தார்.

கப்பல் கேப்டன் பர்மாக்காரர். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஏற்றியது ஸ்டைரின்தான், என் கண்ணால் பார்த்தேன் என்றார். வழியில் கடல் மிகவும் அமைதியாக இருந்தது என்றும் சொன்னார், அதைச் சொன்னால் எல்லாம் விளங்கிவிடும் என்பதுபோல. பிறகு தனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டார்.

சரக்கை இறக்கிக்கொள்ள வேண்டிய டெர்மினலின் மேனேஜர் சேதுமாதவன் செய்தியை போனில் கேட்டார்.

"கலப்படமா சார்?"

"கலப்படம் இல்ல. முழுத் தண்ணி."

"எந்தத் தொட்டியில?"

"ஆறுலயும்."

சேதுமாதவன் அதைக் குறித்துக்கொண்டு, "தரம் எப்படி?" என்று கேட்டார்.

"நல்ல தரம்" என்றார் தனிஸ்லாஸ்.

இந்த இடத்தில் தனிஸ்லாஸின் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் நின்று, கப்பலில் வந்தது என்ன, எவ்வளவு, என்ன தரம் என்று அளந்து எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. அவர் எழுதினால்தான் அது சரக்கு. எழுதாதவரை தொட்டிக்குள் கிடப்பது வெறும் ஈரம். கப்பல் கொடுத்த அளவுக்கும் கரைத் தொட்டி வாங்கிய அளவுக்கும் நடுவே எப்போதும் ஆயிரத்துக்கு மூன்று, நான்கு என்று குறையும். ஆயிரத்துக்கு ஐந்து வரை குறையலாம் என்பது விதி. தனிஸ்லாஸ் 'அனுமதிக்கப்பட்ட குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். குறைந்தது எங்கே போயிற்று என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத இடத்தில் எழுதுகிற பழக்கம் அவருக்கும் இல்லை. கப்பல் மேடையிலிருந்து டெர்மினல் வரை பைப்லைன் ஊருக்கு அடியில் போனது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் சவேரியார் தெருக் கிணற்றில் வாளி இறக்கியவர்கள், வாளித் தண்ணீரில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு படலம் மிதக்கக் கண்டார்கள். அதே வருஷத்துக்குள் ஊரின் ஆறு கிணறுகளும் நாற, பேரூராட்சி ஆறின் மேலும் காங்கிரீட் பலகை போட்டு மூடியது. அதிலிருந்து ஊத்துமுனை லாரித் தண்ணீரையும் கேன் தண்ணீரையும் குடித்து வந்தது. பெயரில் மட்டும் ஊற்று மிச்சமிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன தனிஸ்லாஸ் ஒரு சாம்பிள் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அவர் மனைவி ரெஜீனா சவேரியார் தெருவிலேயே பிறந்து, அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவள். அவள் ஒரு மடக்குக் குடித்தாள். விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தாள். பிறகு விழுங்கினாள்.

"இது எங்க தெருக் கிணத்துத் தண்ணில்லா" என்றாள். "அடியில வேப்பவேர் ஓடுன கசப்பு, அதுக்கு மேல ஒரு இனிப்பு. இது எங்கிட்டுங்க கெடச்சுது உங்களுக்கு?"

"கப்பல்ல."

"கப்பல்ல எப்படி வரும்?"

"வந்திருக்கு."

ரெஜீனா அதற்கு மேல் அதைக் கேட்கவில்லை. வந்தது வந்துவிட்டது. அவள் வேறொன்றைக் கேட்டாள். "இத்தன வருஷமா இது எங்க போயிருந்துச்சி? தொலைஞ்ச பொருளு திரும்பி வந்தா, எங்கன கெடந்துச்சின்னு கேக்கத்தானே செய்வாவ? நீங்க அளக்கிறவருதானே? உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

தனிஸ்லாஸ் குழம்பை ஊற்றச் சொன்னார்.

சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் துறைமுக கேட்டுக்கு முன்னால் குடங்களும் வாளிகளும் பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற பேசின்களுமாக ஊர் நின்றது. டெர்மினல் தலைமை ஆபீசுக்கு எழுதிக் கேட்டிருந்தது. தலைமை ஆபீஸ், இப்படி ஒன்றுக்கு விதி இல்லை, விதி தேடிக்கொண்டிருக்கிறோம், அதுவரை கப்பல் நிற்கட்டும் என்று பதில் போட்டிருந்தது. சும்மா நிற்கச் சலிப்பாக இருந்த கேப்டன் ஆறு தொட்டியிலிருந்தும் ஆறு ரப்பர் குழாய்களைக் கப்பல் மேடைக்கு இறக்கிவிட்டார். ஊரில் நாக்குத் தெரிந்த வயசாளிகள் வரிசையாக வந்து குடித்துப் பார்த்தார்கள். ஒன்றாம் தொட்டி சவேரியார் தெருக் கிணறு. இரண்டு பள்ளிவாசல் கிணறு, அதில் சுண்ணாம்பு கொஞ்சம் கூடுதல். மூன்று சத்திரத்துக் கிணறு. நான்கு வடக்குத்தெரு, ஐந்து மேட்டுத்தெரு. ஆறாவது, இருப்பதிலேயே பெரிய தொட்டி, சாஸ்தா கோயில் கிணறு என்று குடித்த நான்கு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். யாரும் வியக்கவில்லை. வியந்துகொண்டு நின்றால் வரிசையில் இடம் போய்விடும்.

துறைமுகம் தன் விதிகளை விடவில்லை. காகிதத்தில் அது இன்னும் ஸ்டைரின் என்பதால், கப்பல் மேடையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு குடத்திலும் 'எளிதில் தீப்பற்றும் திரவம்' என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். தண்ணீர் பிடிக்க வந்தவர்களிடம் தீப்பெட்டியும் செல்போனும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். தீயணைப்பு வண்டி ஒன்று பக்கத்திலேயே நின்றது. அதன் ஆட்களும் குடித்தார்கள். நாலாம் நாள் சத்திரத்தில் நடந்த கல்யாணத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய அண்டாக்களில் சாம்பார் கொதித்தது. ஸ்டிக்கர் ஒட்டாத தண்ணீர் கொடுத்தால் விருந்தாளிகள் முகம் சுளித்தார்கள். லாரித் தண்ணீர் கொடுத்திருந்த பேதியும் அரிப்பும் அடங்கின. கேன் தண்ணீர்க்காரர்கள் கடையைச் சாத்திவிட்டு அவர்களும் குடத்தோடு வந்தார்கள். தெருவுக்கு ஒரு குழாய் என்று ஆனபின் தெருவுக்கு ஒரு வரிசை ஆயிற்று, வரிசைக்கு ஒரு கயிறு கட்டினார்கள், கயிற்றுக்கு ஒரு காவலாள் வந்தான். அடுத்த தெருக்காரன் தெரியாமல் மாறி நின்றால் முதலில் சிரித்தார்கள், பிறகு அதட்டினார்கள், மூன்றாம் நாள் ஒருவன் குடத்தை உருட்டிவிட்டார்கள். இழந்த தண்ணீர் மட்டும் தனியாக வரவில்லை, யார் எதில் இறைக்கலாம் என்கிற பழைய முறையையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்திருந்தது.

கீழத்தெருவுக்குக் குழாய் இல்லை. கிணறுகள் இருந்த காலத்திலும் கீழத்தெருவுக்குக் கிணறு இல்லை. அவர்கள் சாஸ்தா கோயில் கிணற்றுக்குப் பத்தடி தள்ளிக் குடத்தை வைத்துவிட்டு விலகி நிற்பார்கள், மனசு வந்த யாராவது இறைத்து ஊற்றுவார்கள். கீழத்தெருவுக்கென்று ஊர் கொடுத்தது பைப்லைன் ஒன்றுதான், அது அவர்கள் வாசலை ஒட்டிப் போனது. ஆறு குழாய்க்கும் நடுவே கீழத்தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு நாலு நாள் நின்றார்கள்.

"எல்லாரும் பிடிச்சு முடிச்சதும் ஊத்தச் சொல்லுதேன்" என்றார் பேரூராட்சி சேர்மன் பால்துரை. எல்லாரும் பிடித்து முடிக்கவே இல்லை.

ஐந்தாம் நாள் தாசில்தார் வந்தார். ஒரு டம்ளர் குடித்துவிட்டு, சட்டம் தெரிந்தவராகையால், விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். இது தண்ணீர் என்று சர்வேயர் சான்று கொடுத்தால் அந்த நிமிஷமே இது குடிநீர், குடிநீர் அரசாங்கத்தின் பொறுப்பு; ஆறு தொட்டியையும் மேல்நிலைத் தொட்டியில் ஒன்றாக ஏற்றி எல்லாத் தெருவுக்கும் பொதுக்குழாய் கொடுத்துவிடலாம், ஊருக்கு ஒரு வருஷம் தாங்கும். ஸ்டைரின் என்று கொடுத்தால் டெர்மினலுக்குச் சொந்தம். சர்வேயர் நாளை மத்தியானத்துக்குள் எழுதித் தரட்டும்.

அன்றைக்கே, டெர்மினலில் ஒப்பந்தக் கூலியாக, பைப்லைனைத் திறந்து மூடுகிற வால்வுக் குழிகளைத் துப்புரவு செய்கிற கீழத்தெரு முப்பிடாதி, தனிஸ்லாஸின் அறை வாசலுக்கு வந்து நின்றாள். பதினைந்து வருஷமாக அந்த அறையைக் கூட்டுகிறவள். கூட்டுகிற நேரம் தவிர உள்ளே வந்ததில்லை.

"என்ன முப்பிடாதி?"

"சார், நீங்க ஒண்ணும் பெருசா எழுத வேண்டாம். தண்ணின்னு மட்டும் எழுதுங்க. சவேரியார் தண்ணி, சாஸ்தா தண்ணின்னு ஊரு சொல்லுது. பேப்பர்ல வெறும் தண்ணின்னு இருந்தா அதுக்குத் தெரு கெடையாதுல்லா?"

"உண்மையத்தான எழுதப் போறேன். போ."

"எழுதுவீகளா சார்?"

"என் வேலையே அதுதான."

அவள் போனதும் அவர் உண்மையாகவே எழுதினார். 'ஆறு தொட்டிகளிலும் உள்ளது தண்ணீர். குடிக்கத் தகுந்தது.' படிவத்தில் கட்டம் போதவில்லை. ஓரத்தில், இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாகக் கட்டத்துக்கு வெளியே, எழுதினார். எழுதி முடித்தபோது நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்ததுபோல் இருந்தது. அந்தக் காகிதத்தை மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போய் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மேனேஜர் சேதுமாதவனும் சேர்மன் பால்துரையும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். பதினோரு வருஷமாக ஒருவர்மேல் ஒருவர் புகார் எழுதிக்கொண்டிருந்தவர்கள்.

சேதுமாதவன் மென்மையாகப் பேசுகிறவர். "சார், தண்ணின்னு எழுதுங்க, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா அடுத்த கேள்வி வரும். இது ஊத்துமுனைக் கிணத்துத் தண்ணின்னு ஊரே சாட்சி சொல்லுது. அப்ப கிணத்துல இருந்தது என்ன? அது எந்த வழியா உள்ள போச்சு? பைப் எங்களோடது. ஒத்துக்கிடுதேன். ஆனா முந்நூத்தி நாப்பது கப்பலுக்கு 'அனுமதிக்கப்பட்ட குறைவு'ன்னு கையெழுத்துப் போட்டது யாரு சார்?"

தனிஸ்லாஸ் பால்துரையைப் பார்த்தார். ஊர்க்காரர் அல்லவா, ஊர்ப் பக்கம் நிற்பார் என்று பார்த்தார்.

"என்ன வே பாக்கீரு?" என்றார் பால்துரை. "ஆறு தெருப் பெரியாளுவளும் நேத்தே கூடிப் பேசியாச்சி. தாசில்தாரு சொன்ன மாதிரி ஒரே தொட்டி, ஒரே குழாய்னா நாளைக்கு எங்க வீட்டுப் பொம்பளையாளு கீழத்தெருக்காரி குடத்துக்குப் பின்னால நிக்கணும். கேன் தண்ணி குடிச்சிட்டுத்தான இருந்தோம்? குடிச்சிக்கிடலாம். ஸ்டைரின்னு எழுதும். நாங்க ஆறு பேரும் சாட்சிக் கையெழுத்துப் போடுதோம்."

"அஞ்சு நாளா அதைத்தான குடிக்கீங்க" என்றார் தனிஸ்லாஸ்.

"குடிச்சோம். இல்லேங்கல. அதுக்கும் இதுக்கும் என்னவே?"

தனிஸ்லாஸ் டிராயரைத் திறந்து எழுதிய காகிதத்தை எடுத்தார். அதைப் பார்த்தபோது ரெஜீனா கேட்ட கேள்வி வேறு யார் யாரோ வாயிலிருந்து, வக்கீல்கள் வாயிலிருந்து, பத்திரிகைக்காரர்கள் வாயிலிருந்து கேட்பதுபோல் அவருக்குக் கேட்டது. முந்நூற்று நாற்பது கையெழுத்துகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் தான் உட்கார்ந்திருப்பதுபோலத் தோன்றியது. இன்னும் ஏழு வருஷம் வேலை இருந்தது. அவர் காகிதத்தை நாலாக மடித்துக் கிழித்தார். புதுப் படிவம் எடுத்து, கட்டத்துக்குள் அடங்குமாறு 'ஸ்டைரின். தரம் சரி' என்று எழுதினார். ஆறு தெருப் பெரியவர்களும் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். பள்ளிவாசல் தெருக்காரரின் கையெழுத்து மட்டும் கோணலாக விழுந்தது. வயசு காரணம் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

குழாய்களைச் சுருட்டினார்கள், கயிறுகளை அவிழ்த்தார்கள். பத்து மணிக்குக் கப்பலின் பம்பு ஓடத் தொடங்கி, ஆறு கிணற்றுத் தண்ணீரும் பைப்லைன் வழியாக ஊருக்கு அடியில் ஓடி, கரைத் தொட்டியில் ஏற்கெனவே கிடந்த பழைய ஸ்டைரினோடு போய்க் கலந்தது. ஊர் தன் வாசல்களில் நின்று காலுக்குக் கீழே அது ஓடுகிற சத்தத்தைக் கேட்டது. யாரும் அழவில்லை. தெருவுக்குத் தெரு அண்டாக்களிலும் குடங்களிலும் மிச்சமிருந்ததை மூடி போட்டு வைத்துக்கொண்டார்கள். லாரிக்காரனுக்கு போன் பண்ணினார்கள்.

மத்தியானச் சங்கு ஊதி டெர்மினல் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில், முப்பிடாதியும் கீழத்தெருப் பெண்கள் பதின்மூன்று பேரும் தங்கள் வாசலை ஒட்டிய வால்வுக் குழியில் இறங்கினார்கள். அந்தக் குழியைக் கழுவித் துடைப்பவர்களுக்கு அதன் வடிகால் குழாய் எந்தப் பக்கம் திறக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் வந்த நாற்றத்தை ஓடவிட்டார்கள். தெளிந்து வந்ததை ஒரு கை ஏந்தி எல்லாரும் குடித்தார்கள். அது எந்தக் கிணறு என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தள்ளி நின்று வாங்கிய சாஸ்தா கோயில் தண்ணீர் தவிர, எந்தக் கிணற்றிலும் வாய் வைத்துக் குடித்தவர்கள் இல்லையே. குடங்களை நிறைத்துக்கொண்டிருக்கும்போதே, இருபத்திரண்டாவது குடத்தில் போலீஸ் ஜீப் வந்துவிட்டது.

வழக்கு எளிமையானது. பைப்லைனில் போனது ஸ்டைரின் என்று சான்று இருந்தது. ஆகவே பதினான்கு பெண்கள் அபாயகரமான ரசாயனத்தைத் திருடினார்கள், ஊரின் உயிருக்கு ஆபத்து விளைவித்தார்கள். போலீஸ்காரர்கள் கையுறை மாட்டிக்கொண்டு இருபத்திரண்டு குடங்களையும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, துணி கட்டி, அரக்கு வைத்துத் தாலுகா கோர்ட்டின் சாமான் அறையில் அடுக்கினார்கள். பெண்கள் இருபது நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார்கள். முப்பிடாதிக்கு வேலை போயிற்று. தனிஸ்லாஸின் அறையை வேறொருத்தி கூட்டினாள்.

ரெஜீனா சண்டை போடவில்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், மீன் துண்டுகளில் நல்லதை அவர் தட்டில் வைத்தாள். தண்ணீர் மட்டும் வைக்கவில்லை. முதல் இரண்டு நாள் மறந்துவிட்டாள் என்று நினைத்தார். மூன்றாம் நாள் விக்கல் எடுத்தபோது அவள் அவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அதன்பிறகு அவரே எழுந்துபோய்க் கேனில் பிடித்துக் குடித்துக்கொண்டார். "ரெஜீனா, நான் என்ன செய்யட்டும்?" என்று ஒருநாள் கேட்டார்.

"நீங்க அளக்கிறவரு. நான் பொங்கிப் போடுதவ. எங்கிட்ட கேக்கீங்களே" என்றாள்.

ஆடி மாதம், காற்று மணலை வாரிக் கோர்ட்டு ஜன்னல்களில் அடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், தனிஸ்லாஸைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். மாஜிஸ்ட்ரேட் வெளியூரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த பெண்மணி, கண்ணாடி போட்டவர், பொறுமையானவர். பதினான்கு பெண்களும் சுவரோரம் நின்றார்கள். இருபத்திரண்டில் ஒரு குடத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து அரக்கை உடைத்துத் துணியை அவிழ்த்தார்கள். நாலு மாதம் அறையில் கிடந்த தண்ணீர் நேற்றுப் பிடித்ததுபோல அசைந்தது. அந்த அறை முழுக்க மழைவாசம் வந்தது. அதற்குப் பெயர் சொல்லத்தான் யாரும் இல்லை.

அரசு வக்கீல் சான்றிதழை நீட்டினார். "இது உங்கள் கையெழுத்தா?"

"ஆமா."

"இந்தக் குடத்தில் இருப்பது என்ன?"

தனிஸ்லாஸ் குடத்தைப் பார்த்தார். பிறகு சான்றிதழைப் பார்த்தார். அதில் தன் கையெழுத்து திருத்தமாக, மை பிசகாமல் இருந்தது.

"ஸ்டைரின்" என்றார்.

"அம்மா, ஒரு வார்த்தை" என்றாள் முப்பிடாதி.

"உங்கள் வக்கீல் மூலமாகச் சொல்லுங்கள்" என்றார் மாஜிஸ்ட்ரேட்.

"சொல்லுத வார்த்தை இல்லம்மா."

அவள் நடந்து வந்தாள். தடுக்க வேண்டிய போலீஸ்காரர் குடத்தில் ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்து இரண்டடி பின்னால் போனார். முப்பிடாதி குடத்தை இரண்டு கையாலும் தூக்கி, அண்ணாந்து ஊற்றாமல், விளிம்பில் வாய் வைத்துக் குடித்தாள். அவசரமில்லாமல் குடித்தாள். மூச்சு வாங்க நிறுத்தி, மறுபடி குடித்தாள். கழுத்து வழியாக வழிந்து சேலை நனைந்தது, தரையில் ஓடியது, குமாஸ்தா காலை மேலே தூக்கிக்கொண்டார். சுவரோரம் நின்ற பதின்மூன்று பேரின் தொண்டையும் அவளோடு சேர்ந்து ஏறி இறங்கியது. முடியாதபோது குடத்தை மேசைமேல் வைத்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"இப்ப எழுதிக்கிடுங்கம்மா" என்றாள்.

மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அவர் நல்லவர், ஆனால் அவருக்கு முன்னால் இருந்தது சான்றிதழ். "சாட்சி, நிபுணர் என்ற முறையில் சொல்லுங்கள். இவ்வளவு ஸ்டைரினைக் குடித்த ஒருவருக்கு என்ன ஆகும்?"

முப்பிடாதி தனிஸ்லாஸைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அவர் அறை வாசலில் வந்து நின்ற அன்றைக்குப் பார்த்த அதே பார்வையாக இருந்தது. இன்னும் ஒருமுறை கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. ஒரு வார்த்தை. அதுகூட அவர் நாக்கின் நுனிக்கு வந்தது. அவர் மறுபடி சான்றிதழைப் பார்த்தார்.

"பாதுகாப்புக் கையேட்டின்படி" என்றார், "பிழைக்க மாட்டாங்க."

மாஜிஸ்ட்ரேட் சொல்லச் சொல்லக் குமாஸ்தா எழுதினார். முதல் குற்றவாளி நீதிமன்றத்தில் சான்றுப் பொருளை அழித்தார். விஷத்தைக் குடித்துத் தற்கொலைக்கு முயன்றார். உடனடியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும், வழக்கு இருபத்தெட்டாம் தேதிக்கு ஒத்திவைக்கப்படுகிறது.

"சாகப் போறேன்னா சொல்லுதீக?" என்று முப்பிடாதி கேட்டாள். குமாஸ்தா ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணினார். ஆம்புலன்ஸ் வந்தது. படுக்கச் சொன்னார்கள், அவள் படுக்கவில்லை, நேராக உட்கார்ந்துகொண்டாள். நெஞ்சு நனைந்து, முகம் குளிர்ந்து, நாற்பத்தெட்டு வயதில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்த ஒருத்தி, சைரன் ஊத, ஊத்துமுனைக் கடைவீதி வழியாகச் சாவை நோக்கிக் கொண்டுபோகப்பட்டாள். கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். இரண்டு பேர் செருப்பைக் கழற்றினார்கள்.

அறை காலியானது. குமாஸ்தா ஒரு காகிதத்தை நீட்டினார். "சார், குடம் காலின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க. பொருள் இல்லேன்னு பதியணும்."

தனிஸ்லாஸ் பழக்கத்தில் குனிந்து குடத்துக்குள் பார்த்தார். அடியில் ஒரு வாய்த் தண்ணீர் மிச்சமிருந்தது. அதன் வாசம் ஏறி வந்தது. வேப்பவேர்க் கசப்பும் அதற்கு மேல் ஓர் இனிப்பும் நாக்கில் தானே ஊறின. காலையிலிருந்து அவர் ஒன்றும் குடித்திருக்கவில்லை. குமாஸ்தா வேறு பக்கம் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

அவர் நிமிர்ந்து, 'காலி' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.